முதலில் ரத்தம், பிறகு ஊசி

வணக்கம் நேயர்களே. ராத்திரி படுத்ததும் இரண்டு பாதமும் எரிகிறது, போர்வை பட்டாலே பொறுக்கவில்லை, செருப்பு கழன்று விழுந்தாலும் தெரிவதில்லை. இப்படிச் சொல்லி வருகிறவர்களுக்குப் பல இடங்களில் உடனே போடப்படுவது ‘நரம்பு ஊசி’. அதில் இருப்பது பெரும்பாலும் மெத்தில்கோபாலமின், அதாவது வைட்டமின் பி12. குறைபாடு இருப்பவருக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் ரத்தம் எடுக்கும் முன்பே போட்டுவிட்டால், பிறகு வரும் ரிப்போர்ட்டில் அளவு ஏறித்தான் தெரியும். குறைபாடு இருந்ததா என்று கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும்.

எரிச்சல் எங்கே தொடங்கியது என்று கவனியுங்கள். இரண்டு கால் விரல்களிலும் ஒன்றுபோல் தொடங்கி, சாக்ஸ் போடும் உயரத்துக்கு ஏறினால் சர்க்கரை, பி12, தைராய்டு, சிறுநீரகம், மது என்று தேட வேண்டும். ஒரே காலில், இடுப்பிலிருந்து இறங்கினால் முதுகுத்தண்டைப் பார்க்க வேண்டும். கைச் சுண்டுவிரல் மரத்து, தோலில் தொட்டால் உணராத வெளிறிய படை இருந்தால் தொழுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். அரசு மருத்துவமனையில் அதற்குச் சிகிச்சை இலவசம். வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டால் விரல் மடங்கிப்போகும்.

ரத்தத்தில் பி12 அளவு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. 200க்கும் 300க்கும் நடுவில் இருந்தால் ‘நார்மல்’ என்று விட்டுவிடக் கூடாது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டாலே பி12 குறையலாம். சர்க்கரை நோயாளியின் எரிச்சலுக்கெல்லாம் சர்க்கரை மேலேயே பழி போடுவது சரியல்ல.

சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் டாக்டரிடம் காட்டுங்கள். காசநோய்க்கான ஐசோனியாசிட் பி6 சத்தைக் குறைத்து நரம்பைப் பாதிக்கும். அதே பி6, சத்து மாத்திரைகளில் அளவு மீறிச் சேர்ந்தாலும் பாதிக்கும்.

நரம்பு மின்சோதனை நார்மல் என்பதால் வலி மனப்பிரமை ஆகிவிடாது. அந்தச் சோதனை பெரிய நரம்புகளைத்தான் அளக்கும். எரிச்சலைக் கடத்தும் நுண்ணிழைகள் அதில் தெரியாது. அதற்குத் தோல் பயாப்சி, அதாவது தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனை, இருக்கிறது.

சாதாரண வலி மாத்திரைக்கு இந்த நரம்பு எரிச்சல் அவ்வளவாகக் கேட்காது. ப்ரீகாபலின், டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றைச் சிறு அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். பலன் தெரிய சில வாரமாகும். தூக்கக் கலக்கம் இருக்கும்வரை வண்டி ஓட்டாதீர்கள். சட்டென நிறுத்தவும் கூடாது. மரத்த காலை வெந்நீரில் வைக்காதீர்கள், வெந்தாலும் தெரியாது.

பலவீனம் சில நாட்களுக்குள் காலிலிருந்து மேலேறினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.