555 புத்தகத்தில் ஏறிய கணக்கு

வணக்கம் நேயர்களே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகம் என்ற சின்னக் குறிப்பேடு என்றால் மளிகைக் கடைக் கடன்தான். சம்பளம் போட்டதும் கடைக்காரர் கடனைக் கோடு கிழித்து அடிப்பார். போன வருடம் நானும் ஒன்று வாங்கினேன், கடனுக்கு இல்லை. ஈப்போவில் கல்லூரிக்காகக் கூடைப்பந்து ஆடும் என் அக்கா மகளின் ஆட்டத்தை எழுதி வைக்க.

அவள் பள்ளியில் வலைப்பந்து, அதாவது நெட்பால், ஆடியவள். இரண்டுக்கும் வளையம் ஒரே உயரம், 3.05 மீட்டர். ஆனால் வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது. தடுப்பவளும் 90 சென்டிமீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். கூடைப்பந்தில் மூக்குக்கு நேரே கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் ஆரம்பத்தில், தனியாக விட்டால் அழகாகப் போடுவாள். பந்தைத் தட்டிக்கொண்டு நாலு எட்டு வைத்தால் எவளாவது பறித்துவிடுவாள்.

என் புத்தகத்தில் அப்போது இரண்டே கட்டம்: எத்தனை எறிந்தாள், எத்தனை விழுந்தது. பருவத்தின் நடுவில் பயிற்றுநர் அவளைப் பாயிண்ட் கார்டு ஆக்கினார், அதாவது பந்தை மேலே கொண்டுபோகும் பொறுப்பு. உடனே விழுக்காடு சரிந்தது. "என்னடா தம்பி, பிள்ளை ஆட்டம் மங்கிப்போச்சே" என்றார் அக்கா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அப்புறம் அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரம் ஸ்டெஃபன் கர்ரியின் கல்லூரிக் கணக்கைப் பார்த்தேன். டேவிட்சன் கல்லூரியில் 2007-08 பருவத்தில் அவர் தூரத்திலிருந்து எறிந்த மூன்று புள்ளிப் பந்துகளில் நூற்றுக்கு 44 விழுந்தன. மறு பருவம் பாயிண்ட் கார்டு ஆனார், 39க்கு இறங்கிவிட்டது. ஆனால் அசிஸ்ட், அதாவது பந்தைக் கொடுத்து அடுத்தவரைப் போட வைப்பது, ஆட்டத்துக்கு 2.9லிருந்து 5.6 ஆனது. ஆட்டத்துக்கு 28.6 புள்ளி எடுத்து அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்களில் முதலிடம் பிடித்ததும் அதே பருவத்தில்தான். இறங்கிய எண்ணை மட்டும் பார்த்திருந்தால் பையன் கெட்டுப்போனான் என்றுதான் சொல்லியிருப்போம்.

சரி என்று மேலும் இரண்டு கட்டம் போட்டேன்: பந்தைப் பறிகொடுத்தது, அடுத்தவளைப் போட வைத்தது. ஆள் முன்னால் நிற்கும்போது எறிந்ததற்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைப்பேன். ஐந்து ஆட்டம் சேர்ந்த பிறகுதான் கூட்டுவேன். ஒரே ஆட்டத்தில் 8 முறை எறிபவளுக்கு இரண்டு பந்து கூட விழுந்தாலே 25 விழுக்காடு ஏறிவிடும். அதை நம்பிப் பட்டாசு வாங்க முடியுமா?

எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ மட்டும் பருவம் முழுக்க மாறவே இல்லை. அங்கே யாரும் தடுப்பதில்லை. அது வலைப்பந்து கொடுத்த கை.

கடைசி ஆட்டத்தில் அவர்கள் தோற்றார்கள். அவள் போட்டதும் கொஞ்சம்தான். ஆனால் பறிகொடுத்த கட்டத்தில் ஒரே ஒரு கோடு. வேனில் ஏறும்முன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தவள், "மாமா, இது என் தப்பே இல்லை. கையிலேயே கொடுத்தேன், அவள் விட்டுட்டாள். இதை அடிங்க" என்றாள். போனது போனதுதான் என்றேன். ஈப்போவிலிருந்து வீடு வரைக்கும் சண்டை. கடைக்காரராவது சம்பள நாளில் அடிப்பாராம், நான் அதுவும் இல்லையாம்.

இன்னும் அடிக்கவில்லை.