பழைய லுங்கியைக் கொண்டுவாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது வருடத்துக்கு மேல் அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். பிறந்தது தங்கச்சிமடம் பக்கம், வேலை பார்த்தது மதுரையில். நம் கரையிலிருந்து யாராவது குடல் ஆபரேஷனுக்கு வந்து படுத்தால் பேச்சிலேயே தெரிந்துவிடும். "சிஸ்டர், எப்ப அறுப்பாங்க?" என்பதுதான் முதல் கேள்வி. அறுப்பதற்கு முன்னால் நடக்க வேண்டியதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

என் தப்பிலிருந்தே தொடங்குகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மீனவர் வந்தார். மலக்குடலில் கட்டி. கட்டியை எடுத்து, குடலின் முனையை வயிற்றின் வழியே வெளியே கொண்டுவந்து, மலம் சேர ஒரு பை மாட்டினார்கள். ஆபரேஷனில் குறையே இல்லை. ஆனால் ஸ்டோமா என்று சொல்கிற அந்தத் துவாரம் சரியாக லுங்கி முடிச்சு விழும் இடத்தில் அமைந்துவிட்டது. இறுக்கிக் கட்டினால் பை ஒழுகும், தளர்த்தினால் லுங்கி நிற்காது. மனிதர் படகேறுவதையே விட்டுவிட்டார். முதல் நாள் சாயங்காலம் அவரைத் தயார்படுத்தியவள் நான்தான். "அண்ணே, லுங்கியை எங்கே கட்டுவீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற ஸ்டோமா நர்ஸ் இருப்பார். ஆபரேஷனுக்கு முன்பே வந்து, அழியாத மை பேனாவால் வயிற்றில் இடம் குறிப்பார். படுக்க வைத்து மட்டும் பார்த்தால் போதாது. உட்காரச் சொல்வார், நிற்கச் சொல்வார், குனியச் சொல்வார். மடிப்பு விழும் இடம், தொப்புள், பழைய தழும்பு, இடுப்பெலும்பு, துணி கட்டும் கோடு எல்லாவற்றையும் விட்டு விலகி, நோயாளி தன் கண்ணாலேயே பார்க்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும். சின்னப்பாலத்திலிருந்து பாசி எடுக்கும் அக்கா ஒருவர் வந்திருந்தார். இடுப்பில் பை கட்டிக்கொண்டு கடலில் முங்கி எடுப்பவர். "எப்படிக் கட்டுவீங்கக்கா, கட்டிக் காட்டுங்க" என்றேன். வார்டு போர்வையை இடுப்பில் சுற்றி, முடிச்சுப் போட்டு, கல்லில் பாசி பறிப்பது போலக் குனிந்து காட்டினார். பக்கத்துக் கட்டிலே சிரித்தது. குறி இரண்டு விரல் கீழே தள்ளிப் போனது.

"ஒரு டாக்டர்தானே அறுக்கிறாரு, எதுக்கு இத்தனை பேரு வந்து பாக்குறாங்க?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், டயட்டீஷியன், பிசியோதெரபிஸ்ட், நர்ஸ், காப்பீட்டு அட்டை விவகாரத்தைப் பார்க்கும் சமூகப் பணியாளர் என்று ஒவ்வொருவராக வருவார்கள். ஒவ்வொருவருக்கும் உங்களைப் பற்றி ஒரு விஷயம் தெரிய வேண்டியிருக்கிறது. ஹென்ரிக் கெலெட் என்ற டென்மார்க் சர்ஜன் 1990களில், எல்லோரும் சேர்ந்து நோயாளியைத் தயார் செய்யும் இந்த வழியைத் தொடங்கி வைத்தார். பட்டினி போட்டு, படுக்கவே வைத்திருந்த பழைய முறையை அவர் கேள்வி கேட்டார். இப்படித் தயார் செய்தவர்கள் சீக்கிரம் எழுந்து, சீக்கிரம் வீடு திரும்புவதைப் பிறகு பல நாடுகளில் பார்த்தார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் எனக்கு நம் வீடுகளோடு சண்டை. குடலில் கட்டி என்றதும் மீனை நிறுத்தி, கஞ்சியை மட்டும் ஊற்றத் தொடங்கிவிடுகிறோம். மீன் தின்றால் சீழ் பிடிக்கும் என்று ஒரு பயம். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு புரதத்துக்கு டப்பா மாவு தேடுகிறார்கள்! அடைப்பு இல்லாதவர்கள் டயட்டீஷியனிடம் கேட்டுக்கொண்டு சூடையும் நெத்திலியும் முட்டையும் சாப்பிடலாம். அப்புறம் ரத்தம். கட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தே ரத்தசோகை வந்திருக்கும். அதை இரும்புச்சத்து மாத்திரையாலோ டிரிப்பாலோ முன்கூட்டியே சரி செய்யப் பார்ப்பார்கள். அதற்காகத் தேதி தள்ளிப்போனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் இழுத்தடிக்கிறார்கள் என்று கோபப்படாதீர்கள். தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறவர்களுக்கு இது புரியாததல்ல.

பிசியோதெரபிஸ்ட் மூச்சுப் பயிற்சிக்கு மூன்று உருண்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுப்பார். எல்லோரும் அதை ஊதுவார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். சங்கு குளித்த பெரியவர் ஒருவர் முதல் இழுப்பிலேயே மூன்றையும் மேலே நிறுத்திவிட்டு, "அவ்வளவுதானா?" என்றார். பீடி குடிப்பவர்களுக்கு அது ஏறாது. குறைந்தது நாலு வாரம் முன்பே பீடியை விட்டால் நெஞ்சுச் சளித் தொல்லையும் குறையும், புண்ணும் ஒழுங்காக ஆறும்.

பேதி மருந்து எல்லோருக்கும் கிடையாது. கொடுத்தால், பொடியைச் சொன்ன அளவு தண்ணீரில், பெரும்பாலும் லிட்டர் கணக்கில், கரைத்துக் குடிக்க வேண்டும். அதைக் குடித்துவிட்டுப் பாம்பனில் பஸ் ஏறாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன். முதல் நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள். ராமநாதபுரத்திலேயே 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டதால், எதற்கெடுத்தாலும் மதுரைக்கு ஓடுவது இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

பட்டினிக்கும் கணக்கு இருக்கிறது. பொதுவாக மயக்க மருந்துக்கு ஆறு மணி நேரம் முன்பு சாப்பாடு நிற்க வேண்டும். தண்ணீரும் பால் விடாத கடுங்காப்பியும் இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். பால் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும். "பாவம், தொண்டை காஞ்சு கிடக்கே" என்று விடிகாலையில் பிளாஸ்க்கிலிருந்து பால் டீ ஊற்றிக் கொடுத்த மகளால் ஒரு ஆபரேஷனே தள்ளிப்போனது. சர்க்கரை உள்ளவர்களுக்கும், இரைப்பை மெதுவாக வேலை செய்பவர்களுக்கும் நேரம் மாறும். மயக்க மருந்து டாக்டர் சொல்வதே முடிவு. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, நாட்டு மருந்து என்று வீட்டில் இருப்பதையெல்லாம் ஒரு பையில் போட்டு அவர் முன்னால் கொட்டுங்கள். எதை நிறுத்துவது, எப்போது நிறுத்துவது என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

இதெல்லாம் அவகாசம் இருக்கும்போதுதான். வயிறு உப்பி, காற்றும் பிரியாமல், வாந்தியும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கசாயம் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

சரி, நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். அட்மிஷனுக்கு வரும் அண்ணன்மார்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக்கென்று புதுக் கைலி வாங்கி, கஞ்சி மொடமொடப்போடு வராதீர்கள். கடலுக்குக் கட்டிப்போகும் பழைய லுங்கியையே கொண்டுவாருங்கள், குறி போடும்போது அதைத்தான் கட்டிப் பார்க்க வேண்டும். துவைத்துத்தான்.