பிணை வைக்கச் சொல்லிக் கேட்டால்? வன்னி வாழ்க்கையில் நீதிமொழிகள்

[திரை: கிளிநொச்சிப் பக்கம் ஒரு வளவு. மாமரத்தின் கீழ் பிளாஸ்டிக் கதிரைகள். சில பெண்கள், கையில் கடன் புத்தகங்கள்.]

வணக்கம். நுண்கடன் எடுக்கக் குழு சேர்க்கிறார்கள், ஒரு ஆள் குறைகிறது. பக்கத்து வளவு அக்கா உங்கள் படலையில் வந்து நிற்கிறார். "ஒரு கையெழுத்துத்தானே தங்கச்சி, தவணையை நான் கட்டிப்போடுவன்." மறுத்தால் முகம் முறியும். வைத்தால், அவர் கட்டாத கிழமை உங்கள் வாசலில் ஆள் நிற்கும். என்ன செய்வீர்கள்?

வேதாகமத்தின் நீதிமொழிகள் புத்தகம் இதைப்பற்றி ஒருமுறை அல்ல, பலமுறை பேசுகிறது. கலண்டரில் வரும் வசனங்களை மட்டும் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். அந்த 31 அதிகாரங்களிலும் கடன், பிணை, காணி எல்லை, கள்ளத்தராசு, அயலார், வாய்த்தர்க்கம் எல்லாம் நிறையவே வருகின்றன.

[திரை: நீதிமொழிகள் 22:26-27]

பிணைப்படுகிறவர்களில் ஒருவனாகாதே என்று 22ஆம் அதிகாரம் சொல்கிறது. காரணத்தையும் அங்கேயே சொல்லிவிடுகிறது: செலுத்த உன்னிடம் ஒன்றும் இல்லாவிட்டால், நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொண்டு போவார்களே. இந்தக் காரணத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். கையெழுத்து வைக்குமுன் அக்கா நல்லவரா என்று யோசிப்பது போதாது. அவர் நல்லவராகவே இருக்கலாம். மழை பொய்த்தால், மாடு செத்தால் நல்லவராலும் கட்ட முடியாது. "அவரால் முடியாமல் போனால் இந்த முழுத்தொகையையும் நான் கட்டுவேனா? கட்டினால் என் பிள்ளைகளின் சாப்பாடு தப்புமா?" இதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

போருக்குப் பிறகு வன்னிக்குள் வந்த குழுக்கடன்கள் இந்தப் பிணையின்மேல்தான் நின்றன. அடகு வைக்க நகை இல்லாத பெண்களுக்கு மற்றப் பெண்களே அடகு. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் போட வேண்டும். அதனால் சகோதரிகள்போல் இருந்தவர்கள் முகம் பார்க்காமல் போனார்கள். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களுக்கு 2018இல் அரசாங்கம் நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போனது. "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" என்ற 22:7ஐ அந்தப் பெண்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

சரி, அப்படியானால் அக்காவை வெறுங்கையோடு அனுப்புவதா? அதே புத்தகம் அதையும் விடவில்லை. உன்னிடம் பொருள் இருக்கும்போது அயலானைப் பார்த்து "போய் நாளைக்கு வா" என்று சொல்லாதே என்கிறது 3:28. இந்த இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். பிணை வைக்க முடியாது என்று தெளிவாக, மரியாதையாகச் சொல்லலாம். திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையை, இரண்டாயிரமோ ஐயாயிரமோ, கையில் கொடுக்கலாம். இல்லாவிட்டால் அரிசி கொடுக்கலாம். ஏற்கனவே கையெழுத்து வைத்துவிட்டீர்களா? 6ஆம் அதிகாரம் உங்களுக்குத்தான். வெட்கப்படாமல் இன்றே போய்க் கேள், நித்திரை கொள்ளுமுன் உன்னை விடுவித்துக்கொள் என்று அவசரப்படுத்துகிறது. எவ்வளவு கட்டியாயிற்று, எவ்வளவு மிச்சம் என்று கேட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்ப்பது அவமதிப்பு ஆகாது.

[திரை: பாதி வேலி போட்ட காணி. கதிகால்கள், பனை, பின்னால் பற்றை.]

அடுத்தது காணி. 2009இல் முகாம்களுக்குள் போன சனம் திரும்பி வந்தபோது பல இடங்களில் வேலியே இல்லை. காணி உறுதிப் பத்திரம் தொலைந்தவர்கள், அரச காணிக்கான அனுமதிப்பத்திரமான பெமிற் தாத்தாவின் பெயரில் இருப்பவர்கள், அந்தப் பெமிற்றும் எரிந்துபோனவர்கள் என்று எத்தனையோ பேர். இந்த நிலையில் நீதிமொழிகள் 23:10ஐ வாசித்துப் பாருங்கள்: "பூர்வ எல்லைக்குறியை மாற்றாதே, திக்கற்ற பிள்ளைகளுடைய நிலங்களை அபகரித்துக்கொள்ளாதே." அடுத்த வசனம் இன்னும் கடுமையானது. அந்தப் பிள்ளைகளின் மீட்பர் வல்லவர், அவர்களுடைய வழக்கை அவரே நடத்துவார் என்கிறது. தகப்பன் இல்லாத வீட்டின் வேலி இரண்டு முழம் உள்ளே போனால் தட்டிக்கேட்க ஆள் இராது. அது அன்றும் இன்றும் ஒன்றுதான். வேலி போடும்போது அந்த வீட்டு அம்மாவையும், பழைய எல்லை தெரிந்த ஒரு முதியவரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு போடுங்கள்.

எல்லைத் தகராறு, பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் இணக்கசபைக்கோ பங்குத்தந்தையிடமோ போனால், நடுவில் இருப்பவர்களுக்கு 18:17 இருக்கிறது. முதலில் பேசுகிறவன் நியாயக்காரனாகத் தெரிவான், மற்றவன் வந்து கேள்வி கேட்கும்வரைதான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நீதிமொழிகளில் ஒரு வசனத்தை மட்டும் உருவி அடுத்தவர் தலையில் போடுவது எனக்குப் பொறுக்காத காரியம். "சோம்பற்கையால் வேலைசெய்கிறவன் ஏழையாவான்" என்ற 10:4ஐக் கடனில் தவிக்கும் கமக்காரனுக்குச் சொல்கிறார்கள். அதே புத்தகத்தின் 13:23 என்ன சொல்கிறது? ஏழையின் வயலும் நன்றாக விளையும், ஆனால் நியாயம் கிடைக்காமல் கெட்டுப்போகிறவர்களும் உண்டு என்கிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் காலபோக நெல் நல்லாய் விளைந்தாலும், உரக்கடைக் கடனுக்காக ஈர நெல்லை அறுத்த கையோடு வந்த விலைக்குக் கொடுத்தவனுக்கு எந்த வசனம் பொருந்தும்? 10:4 நமக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம். 13:23ஐ அடுத்தவரைப் பார்க்கும்போது நினைக்க வேண்டும்.

துக்க வீட்டுக்கும் இதே கவனம் வேண்டும். மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன் குளிர்காலத்தில் அவனுடைய உடுப்பைக் கழற்றுகிறவன் போன்றவன் என்கிறது 25:20. காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக ஆண்டுக்கணக்கில் வீதியோரப் போராட்டத்தில் இருக்கும் தாயிடம் "எல்லாம் நன்மைக்குத்தான்" என்று சொல்லாதீர்கள். அவர் மகனைப் பற்றிக் கதைத்தால் கேளுங்கள். கதைக்காவிட்டால் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

[திரை: நீதிமொழிகள் 31:8]

பேச முடியாதவனுக்காக உன் வாயைத் திற என்று லேமுவேல் அரசனுக்கு அவனுடைய தாய் சொன்ன 31ஆம் அதிகாரத்தை அடுத்த வீடியோவில் எடுக்கிறோம். அதற்குள், பிணை வைத்துச் சிக்கியவர்கள் உங்கள் கேள்விகளைக் கீழே எழுதுங்கள். பெயர் போட வேண்டாம்.