உப்புக் கறைக்குப் புளிச்சக்கை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் குடியிருப்பவர்களிடம் உப்புக் கறையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. குடிக்க மெட்ரோ தண்ணீர், புழங்க போர்வெல் தண்ணீர் என்று காலம் தள்ளும் தெருக்கள் எத்தனையோ இங்கே இருக்கின்றன. குழாயின் கழுத்தில் வெள்ளை ஏறிவிடுகிறது. வாளியின் உட்புறம் சொரசொரக்கிறது. சோப்புத்தூளைக் கொட்டித் தேய்த்தால் கை வலிப்பதுதான் மிச்சம்.

அது வெறும் கடலுப்பாக இருந்தால் ஒரு குவளைத் தண்ணீரிலேயே கரைந்து போயிருக்கும். ஒட்டிக்கொண்டு நிற்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பின் இனம். சோப்புக்கு அது அசையாது, புளிப்புக்கு இளகும். நம் வீடுகளில் புளிப்புக்கா பஞ்சம்?

குழம்புக்குக் கரைத்த புளியின் சக்கையைத் தூக்கி எறியாதீர்கள். கொஞ்சம் வெந்நீர் விட்டுப் பிசைந்து, பழைய பருத்தித் துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டுங்கள். அரை மணி நேரம் கழித்து அவிழ்த்துத் தேங்காய் நாரால் தேயுங்கள். நாள்பட்ட கறை என்றால் எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் வேண்டும். சாறு பட்ட இடத்தில் பொடிப்பொடியாகக் குமிழிகள் எழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குமிழி அடங்கியதும் துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். இதில் வேலை செய்வது நேரம்தான், தோள்பலம் அல்ல. ஷவரின் துளைகள் அடைத்திருந்தால் ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி, ஷவரின் தலை மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டித் தொங்கவிட்டால் போதும்.

காசிமேட்டு மீனை ஆய்ந்த பிறகு கையிலும் அரிவாள்மணையிலும் நிற்கும் கவிச்சிக்கும் இதே சக்கைதான். மீன் வாடையைத் தரும் அமீன்கள் என்னும் வேதிப்பொருட்கள் காரத்தன்மை உள்ளவை, புளிப்பு அவற்றை அடக்கிவிடும். உள்ளே கறுத்துப்போன அலுமினியக் குக்கரில் தண்ணீரும் நெல்லிக்காய் அளவு புளியும் போட்டுக் கொதிக்கவிடுங்கள், கறுப்பு விட்டுவிடும். பித்தளை விளக்கைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

எண்ணெய்ப் பிசுக்குக்குப் புளிப்பு உதவாது, அங்கே சோடா மாதிரிக் காரப்பொருள் வேண்டும். சமையலறை விசிறியின் இறக்கை இரும்பாகவோ பிளாஸ்டிக்காகவோ இருந்தால், கழற்றி, சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் ஊறவையுங்கள். கைக்குக் கையுறை போடுங்கள். அடிபிடித்த எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீரோடு ஒரு கரண்டி சமையல் சோடா போட்டுக் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். சலவைச் சோடாவை அலுமினியத்தில் மட்டும் போடாதீர்கள், உலோகத்தையே அரித்துவிடும். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்தால் நுரை பொங்குவது பார்க்க அழகு. ஆனால் ஒன்றின் வலிமையை மற்றொன்று தின்றுவிடும். தனித்தனியாகவே பயன்படுத்துங்கள்.

பழைய வீடுகளின் மொசைக் தரையில் இந்தப் புளிப்பு வைத்தியம் கூடவே கூடாது. மொசைக்கில் பதிந்திருக்கும் சலவைக்கல் சில்லுகளும் அதே கால்சியம் கார்பனேட்தான். கறையோடு தரையின் மெருகும் போய்விடும். அதற்குச் சோப்புத் தண்ணீரே போதுமானது.

எனக்குப் பெரிய கவலை தருவது, தெருவில் விற்கும் ஆசிட்டைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம். தாகத்தில் ஓடிவரும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. ஆசிட் ஊற்றிய கழிப்பறையில் பிளீச்சிங் பவுடரையும் தூவினால் குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைத் தாக்கும். புளி, எலுமிச்சை, வினிகர் எதையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கக் கூடாது. மழைக்காலத்தில் வீட்டுக்கு வீடு பிளீச்சிங் பவுடர் இருக்கும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தவறிக் கலந்துவிட்டால் அங்கே நிற்காதீர்கள். கதவைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். மூச்சுத் திணறலோ விடாத இருமலோ இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

நன்றி, வணக்கம்.