பூனையைக் கண்டாலே ஆகாத ஆக்கள்

வணக்கம் நேயர்களே. இந்த நேரம் கன வீடுகள்ல குசினியில மீன் வெட்டிக்கொண்டிருப்பீங்கள், காலடியில ஒண்டு நிண்டு மியாவ் மியாவ் எண்டு கத்திக்கொண்டும் இருக்கும். சிலர் அதுக்கு ஒரு செவுளை எறிவினம், சிலர் விளக்குமாறை எறிவினம். நான் இண்டைக்குக் கதைக்க வந்தது அந்த விளக்குமாறு எறியிற ஆக்களைப் பத்தித்தான்.

முப்பது வருஷத்துக்கு மேல விலங்கியல் படிப்பிச்ச டீச்சர் நான், எங்கட வீட்டில எப்பவும் ரெண்டு மூண்டு பூனை இருக்கும், அதால நான் பூனைக்காகக் கதைப்பன் எண்டு நினைப்பீங்கள். இல்ல. பூனையைப் பிடிக்காத ஆக்களுக்காகத்தான் கதைக்கப் போறன். அவையைக் கண்டா நாங்கள், பூனை வளக்கிற ஆக்கள், "கல்லு மனசு" எண்டு சொல்லிப்போடுறம். அது பிழை. கன பேருக்கு அந்த வெறுப்புக்குப் பின்னால ஒரு காரணம் கிடக்கு, சிலருக்கு உடம்பில, சிலருக்குக் கண்ணில, சிலருக்கு ஒரு பழைய நாள்ல. கேட்டுப் பாக்காம நாங்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

முதல்ல உடம்பு. எட்டாம் வகுப்பில ஒரு பிள்ளை என்ட பாடத்தில எப்பவும் தும்மிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு இருக்கும். மற்றப் பாடத்தில ஒண்டுமில்ல, என்ட பாடத்தில மட்டும்தான். படிக்க விருப்பமில்லாமச் செய்யுது எண்டு நினைச்சு ஒருநாள் ஏசியும் போட்டன், அது இண்டைக்கும் எனக்குக் கவலை. பிறகு தாய் வந்து சொன்னா, டீச்சர் இவளுக்குச் சின்னனிலயே தொய்வு, பூனை பக்கத்தில வந்தா மூச்சு இழுக்கும் எண்டு. வகுப்பில எங்க பூனை? பூனை என்ட சீலையில இருந்தது. பூனை மயிர்தான் ஒத்துக்கொள்ளாது எண்டு சனம் சொல்லும், உண்மையில அது மயிரில்ல, பூனையின்ட எச்சிலிலயும் தோல்ச் சுரப்பியிலயும் இருக்கிற ஒரு புரதம், ஃபெல் டி 1 எண்டு பேர். பூனை நாள் முழுக்கத் தன்னை நக்குது, எச்சில் மயிரில காயுது, காஞ்சது கண்ணுக்குத் தெரியாத தூளாப் பறக்குது, துணியில ஒட்டுது, துணியோட பஸ்ஸில ஏறி பள்ளிக்கூடம் வருது. பூனையே இல்லாத இடத்தில அந்தப் பிள்ளை தும்முறது அதாலதான். பூனையை வீட்டை விட்டு அனுப்பினாலும் மாசக்கணக்கா மெத்தையில, திரைச்சீலையில அது கிடக்கும். அப்ப, ஒரு பூனையைத் தொட்டா ராமுழுக்க நெஞ்சு இழுக்கிற ஒருத்தர், அதைக் கண்டவுடனே "துரத்து, துரத்து" எண்டு கத்தினா அது கல்லு மனசா?

அடுத்தது கண். இதை நான் எங்கட ஊர் மானை வைச்சுத்தான் யோசிச்சனான். திருகோணமலையில கோட்டைக்குள்ள மான் நிக்கும், டவுனுக்குள்ளயும் வரும், கடை வாசல்ல நிண்டு வாழைப்பழத் தோல் தின்னும், மரக்கறிக் கடையில எட்டி ஒரு கீரைப்பிடியை இழுத்தாக் கூட ஆக்கள் சிரிச்சுக்கொண்டு விடுவினம். அதே கடையில பூனை ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்தா கல்லெறி. ரெண்டும் களவுதானே! மான்ட கண் பெரிசா, ஈரமா, கெஞ்சுறமாதிரி இருக்கும். பூனையின்ட கண்ணுக்குள்ள கருமணி நட்டநடுவில நெட்டையா ஒரு கீறு. அந்தக் கீறு எங்க இருக்கும்? புடையன் பாம்பில இருக்கும். பதுங்கி இருந்து பாஞ்சு பிடிக்கிற, பகலிலயும் ராவிலயும் திரியிற சீவன்களுக்குத் தூரத்தைச் சரியா மட்டுக்கட்ட அது உதவுது. ராவில டோர்ச் அடிச்சா பச்சையா எரியிறது, விழித்திரைக்குப் பின்னால இருக்கிற கண்ணாடி மாதிரியான ஒரு படலம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புறதால. எனக்கு அது அழகு. கிணத்தடிக்கு ராவில போற ஒரு சின்னப் பிள்ளைக்கு அது பேய். அதோட கடுவன் பூனை ரெண்டு சண்டை பிடிக்கேக்க வாற சத்தம் கைக்குழந்தை அழுற மாதிரியே இருக்கும், அந்தச் சத்தத்துக்கு எழும்பின தாய்மாரைக் கேட்டுப் பாருங்கோ.

நாயை எடுங்கோ. நாய்க்குப் புருவத்தின்ட உள்பக்கத்தை உயத்துறதுக்கு நல்லா வளந்த ஒரு தசை இருக்கு, ஓநாய்க்கு அது அவ்வளவா இல்ல எண்டு 2019ல ஒரு ஆய்வு வந்தது. மனிசரோட இருந்து இருந்து, எங்களுக்கு மனசு இளகிற மாதிரி அதின்ட முகம் மாறியிருக்கு. பூனையின்ட கதை வேற. ஏறக்குறைய 10,000 வருஷத்துக்கு முந்தி மேற்காசியாப் பக்கம் சனம் தானியம் விளைச்சுச் சேத்து வைக்க, எலி வந்தது, எலிக்குப் பின்னால காட்டுப்பூனை வந்தது. ஆரும் கூப்பிடேல்ல. தானா வந்து, தன்ர வேலையைப் பாத்து, தானா இருந்தது. சைப்ரஸ் தீவில 9,500 வருஷப் பழசான ஒரு மனிசப் புதைகுழிக்குப் பக்கத்தில ஒரு பூனையையும் தாட்டிருந்ததை 2004ல அறிவிச்சவை, அந்தத் தீவுக்கு எண்டு சொந்தப் பூனை இல்ல, ஆரோ வள்ளத்தில ஏத்திக்கொண்டு போயிருக்கினம். துறைமுக ஊர்க்காரர் எங்களுக்கு அது விளங்கும். ஆனா ஏவின வேலையைச் செய்யிறதுக்கு எண்டு நாங்கள் பழக்கின மிருகமில்ல இது. கூப்பிட்டா வராது, கட்டிப்போட ஏலாது, செய்ததுக்கு நன்றி காட்டுற முகமும் அதுக்கு இல்ல. பணிவை எதிர்பாக்கிற ஆக்களுக்கு அது திமிராத் தெரியுது.

இப்ப நான் என்ட பெரியம்மாவின்ட கதையைச் சொல்லோணும், இதைச் சொல்லத்தான் உண்மையில வந்தனான்.

பெரியம்மா உவர்மலையில இருந்தவ. அவவுக்கு ஒரு நாய், கறுப்பன். ஒரு பூனை, செல்லி. ரெண்டுக்கும் ஒரே தட்டில சோறு குழைச்சு வைப்பா. 1990ஆம் ஆண்டு ஆனி மாசம் சண்டை துவங்க, உடுத்த உடுப்போட வெளிக்கிட்டம், நாயையும் பூனையையும் ஆர் பாக்கிறது, கதவைத் திறந்து விட்டுட்டு ஓடினது தான். திரும்பி வர ஒரு வருஷத்துக்குக் கிட்டப் போயிற்று. வந்து பாத்தா ஓடில்ல, ஜன்னல் இல்ல, கிணத்துக் கப்பி கூட இல்ல. போகாம நிண்ட அயலட்டைக் கிழவர் ஒருத்தர் சொன்னார், கறுப்பன் படலையடியில சாப்பிடாமக் கிடந்தது பிள்ளை, பிறகு நீங்கள் போன றோட்டால போச்சு, பிறகு காணேல்ல எண்டு. பெரியம்மா அந்தப் படலையடியிலயே குந்திப்போட்டா.

உள்ளுக்க போனம். அறையில பழைய ரங்குப்பெட்டி திறந்து கிடக்கு, நல்ல உடுப்பெல்லாம் போயிற்று, அடியில கூறைச்சீலை மட்டும் கிடந்தது. அதுக்கு மேல செல்லி, மூண்டு குட்டியோட. நல்லாக் கொழுத்து, ஒரு குறையுமில்லாம. பெரியம்மா "செல்லி" எண்டு கூப்பிட்டா. அது நிமிந்து பாத்துட்டு, சீறிப்போட்டு, குட்டியை நக்கத் துவங்கிற்று. அவ்வளவுதான்.

அண்டையில இருந்து சாகும் வரைக்கும் பெரியம்மாவுக்குப் பூனை ஆகாது. ஒருக்காக் கேட்டதுக்குச் சொன்னா, "நாய் எங்களைத் தேடிச் செத்தது. அது எங்களைத் தேடேல்ல."

நேயர்களே, இந்த ஒரு வசனத்துக்கு விடை தேடித்தான் நான் கன வருஷம் பூனையைப் பத்தி வாசிச்சனான். நாய் ஆளோட, பூனை வீட்டோட எண்டு ஊரில சொல்லுறது பெரும்பாலும் சரி, பூனைக்கு இடம்தான் உலகம், மூலை, கூரை, வேலி, மணம் எல்லாம் அதின்ட மண்டைக்குள்ள ஒரு படமா இருக்கு, அந்தப் படத்தை விட்டுப் போனா அது பயத்திலயே தொலைஞ்சு போகும். அதுக்காகப் பாசமில்ல எண்டு இல்ல. 2019ல அமெரிக்காவில ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில, வளக்கிற ஆள் கொஞ்ச நேரம் வெளிய போய்த் திரும்பி வரேக்க குட்டிகள் என்ன செய்யுது எண்டு பாத்தவை, நூத்துக்கு 64 குட்டியளவில, வந்த ஆளைக் கண்டு ஆறுதலாகி, திரும்ப விளையாடப் போச்சுது. கைக்குழந்தை செய்யிற மாதிரித்தான். செல்லி சீறினது குட்டி போட்ட தாய் எண்டதால. வீடு முழுக்க எத்தனையோ இடம் கிடக்க அந்தச் சீலையில போய்க் குட்டி போட்டது, அதில பெரியம்மாவின்ட மணம் இருந்ததாலதான் எண்டு நான் நம்புறன். பூனைக்கு முகத்தை விட மணம் பெரிசு.

இதைக் கடைசிக் காலத்தில பெரியம்மாட்டச் சொன்னன். கன நேரம் பேசேல்ல. பிறகு, "அப்ப என்ட சீலையிலதான் கிடந்ததோ" எண்டா. பூனையை அதுக்குப் பிறகும் தொடேல்ல. ஆனா விளக்குமாறை எடுக்கேல்ல.

சரி, நேரம் போகுது, மற்றதுகளைக் கெதியாச் சொல்லுறன்.

சகுனம். பூனை குறுக்க போனா உள்ளுக்க வந்து தண்ணி குடிச்சிட்டுப் போற ஆக்கள் எங்கட வீடுகள்ல இண்டைக்கும் இருக்கினம். ஐரோப்பாவிலயும் இந்தப் பயம் இருந்தது, 1233ல பாப்பரசர் 9ஆம் கிரகரி எழுதின கடிதத்தில பேயை வணங்கிற கூட்டத்தின்ட சடங்கில ஒரு கறுப்புப் பூனை வருது. இங்க கிண்ணியாவில, மூதூரில முஸ்லிம் வீடுகளுக்குப் போனா பூனை பாயில ஏறிப் படுத்திருக்கும், அது அசுத்தமில்ல, உங்களைச் சுத்தித் திரியிற உயிர்கள்ல ஒண்டு எண்டு நபிமொழி இருக்கு. அப்ப குறுக்க போற பூனையில பயம் இல்ல, சின்னனில எங்களுக்குச் சொல்லித் தந்ததிலதான் இருக்கு.

வருத்தம். பிள்ளை வயித்தில இருக்கிற தாய்மார் பூனையைத் திட்டுறதுக்கு ஞாயம் இருக்கு, டொக்ஸோபிளாஸ்மா எண்ட ஒட்டுண்ணி பூனையின்ட மலத்தால வரும், அது வயித்துப் பிள்ளைக்குக் கூடாது. ஆனா சரியா வேகாத இறைச்சியாலயும் அது வரும், அதையும் சொல்லோணும். மலம் அள்ளுறதை வீட்டில வேற ஆள் செய்யட்டும், அதுவும் அண்டண்டைக்கே, ஏன் எண்டா மலத்தில இருக்கிறது தொத்தக்கூடியதா மாற ஒரு நாளுக்கு மேல எடுக்கும். தோட்டத்து மண்ணைக் கிளறினா கையை நல்லாக் கழுவுங்கோ. பூனை கடிச்சாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, விசர்நோய் நாயால மட்டும் வாறதில்ல. இதை ரெண்டாந்தரமும் சொல்லுறன், 15 நிமிஷம், சவர்க்காரம், பிறகு ஆஸ்பத்திரி.

இன்னொண்டு, எல்லாரும் கேக்கிறது. பிடிக்காத ஆளின்ட மடியிலயே பூனை ஏன் போய் ஏறுது? கலியாண வீட்டில பாத்திருப்பீங்கள், எல்லாரும் "வா வா" எண்டு கூப்பிட, மூலையில முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிற மாமாவின்ட வேட்டியில போய் உரசும். பூனைக்கு உத்துப் பாக்கிறது, கை நீட்டுறது, சத்தம் போடுறது எல்லாம் சண்டைக்கு வாறமாதிரி. அசையாம, பாக்காம இருக்கிற ஆள்தான் அதுக்கு மரியாதையான ஆள். 2020ல இங்கிலாந்து சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கண்ணை மெதுவாச் சிமிட்டிக் காட்டினா பூனை கிட்ட வரக் கூடுதலாச் சம்மதிக்குது எண்டு கண்டவை. அப்ப பிடிக்காத ஆக்கள் செய்யவேண்டியது என்ன, நேரா ஒருக்கா நல்லா உத்துப் பாருங்கோ, விலகிப் போகும். அடிக்கத் தேவையில்ல. பூனை வளக்கிற ஆக்களுக்கும் சொல்லுறன், விருந்தாளி வந்தா முதல்ல கேளுங்கோ, பூனை ஒத்துவருமோ எண்டு. "ஒண்டும் செய்யாது" எண்டு மடியில தூக்கி வைக்காதேங்கோ, அதால ஆருக்கும் பூனை பிடிச்சதா நான் காணேல்ல.

கடைசியா நான் விரிவாச் சொல்ல வைச்சிருந்தது குட்டிகளைச் சாக்கில கட்டிக்கொண்டு வந்து மீன் சந்தையடியில விடுறதைப் பத்தி, கண்ணாடிக்கு அங்கால இருந்து கை காட்டினம், ரெண்டு நிமிஷம்தான் இருக்காம். அப்ப இதை மட்டும் கேளுங்கோ. பூனை அஞ்சாறு மாசத்திலயே குட்டி போடத் தயார், சினைக்காலம் ரெண்டு மாசத்துக்குச் சொச்சம்தான், வருஷத்தில ரெண்டு மூண்டு தரம் ஈனும். சந்தையடியில நோஞ்சானா, சொறியோட, ஆக்களின்ட காலுக்குள்ள ஓடி, மீனைக் களவெடுத்து, எல்லாற்ற ஏச்சும் வாங்குற அந்தப் பூனைகளை அங்க விட்டது பூனையைப் பிடிக்காத ஆக்கள் இல்ல, குட்டியைக் கொல்ல மனசில்லாம, வளக்கவும் ஏலாம, பூனையை விரும்பின நாங்கள்தான். மிருக வைத்தியரிட்டக் கருத்தடை செய்ய ஏலும், பெட்டைக்கும் செய்யலாம், கடுவனுக்கும் செய்யலாம், கடுவனுக்குச் செய்தா ராச்சண்டையும் மூத்திர நாத்தமும் கூடக் குறையும், பக்கத்து வீட்டுக்காரர் உங்களோட முகம் கொடுத்துக் கதைப்பினம். முதல் குட்டி போட முந்தியே செய்யுங்கோ, எந்த வயசில எண்டு வைத்தியரைக் கேளுங்கோ, செய்தாப் பிறகு காயத்தை நக்காம பாத்துக்கொள்ளுங்கோ, பழைய சட்டைக் கையை வெட்டி எப்பிடிப் போட்டுவிடுறது எண்டு சொல்ல நினைச்சனான், நேரமில்ல, இன்னொரு நாள் கூப்பிட்டாச் சொல்லுறன். வணக்கம்.