கண் சொல்ல, விரல் நம்பும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மெய், வாய், கண், மூக்கு, செவி என்று ஐம்பொறிகளை எண்ணும் நம் வழக்கம், தொடுபுலனை முதலில் வைத்ததோடு, உடல் முழுவதையும் அதற்கு உறுப்பாக்கி, உண்மையைக் குறிக்கும் சொல்லையே அதற்குப் பெயராகவும் கொடுத்திருக்கிறது. கண்ணை நம்பாதவர்கூடத் தொட்டுப் பார்த்துவிட்டால் ஐயம் தீர்ந்துவிடுகிறார். மெய் உண்மையிலேயே அவ்வளவு மெய்தானா என்ற கேள்வியைக் கருவிகொண்டு அளந்து பார்த்தவர்களுள் இயந்திரப் பொறியாளர்களும் உண்டு. அவர்கள் கண்டதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

உடலியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கையின் உட்புறத் தோலுக்கு மட்டும் ஏறத்தாழ 17,000 தொடுநரம்பு இழைகள் வந்து சேர்கின்றன. அவற்றில் நான்கு வகை உண்டு. தோல் இழுபடுவதைச் சொல்பவை சில. ஒரே இடத்தில் நீடிக்கும் அழுத்தத்தைச் சொல்பவை சில. வழுக்கலையும் மெல்லிய படபடப்பையும் சொல்பவை வேறு சில. ஆழத்தில் புதைந்திருக்கும் பசீனியன் நுண்ணுறுப்புகளோ நொடிக்கு 250 முறை அளவிலான அதிர்வுக்கு மிகக் கூர்மையாக எழுகின்றன. இந்த அழுத்தத்தை மின்குறிப்பாக மாற்றும் பீசோ புரதங்களை 2010இல் கண்டறிந்து வெளியிட்ட ஆர்டெம் பட்டபூட்டியன், 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை டேவிட் ஜூலியஸுடன் பகிர்ந்துகொண்டார்.

இனிப் பொறியாளரின் சிக்கலுக்கு வருவோம். இல்லாத ஒரு சுவரைக் கைக்கு இருப்பதாகக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் ஒரு சிறிய இயந்திரக் கையைப் பிடித்திருக்கும். கற்பனைச் சுவருக்குள் அது எவ்வளவு தூரம் நுழைகிறதோ அந்த அளவுக்கு மோட்டார் எதிர்த்துத் தள்ளும். திரையில் நொடிக்கு அறுபது படங்கள் காட்டினாலே கண் நிறைவடைந்துவிடுகிறது. கைக்கோ, கணக்கை நொடிக்கு ஆயிரம் முறையாவது போட வேண்டும் என்பது இத்துறையில் நிலைத்துவிட்ட வழக்கம். காரணம் எளியது. இரண்டு கணக்குகளுக்கு இடையில் மோட்டார் பழைய விசையையே பிடித்துக்கொண்டிருப்பதால், விரல் உள்ளே போகும்போது எதிர்ப்பு சற்றுக் குறைந்தும், வெளியே வரும்போது சற்று மிகுந்தும் நிற்கிறது. ஆகவே வாங்கிய ஆற்றலைவிடக் கூடுதலான ஆற்றலைச் சுவர் திருப்பித் தருகிறது. வாங்கியதற்கு மேல் தரும் சுவர் எந்த ஊரிலும் இல்லை; எனவே அது சுவராக உணரப்படாமல் கையில் நடுங்குகிறது.

இந்தக் கருவியை வைத்துக்கொண்டு மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மண்டயம் ஸ்ரீநிவாசனும் அவருடைய மாணவர்களும் செய்து 1996இல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. இரண்டு மெய்நிகர்ச் சுருள்வில்களை அழுத்திப் பார்த்து, எது விறைப்பானது என்று சொல்ல வேண்டும். கை உணரும் விசையும் நகர்வும் உண்மையானவை. திரையில் தெரியும் நகர்வு மட்டும் திருத்தப்பட்டது. விறைப்பான வில் திரையில் நிறைய அமுங்குவதாகவும், இளகிய வில் குறைவாக அமுங்குவதாகவும் காட்டப்பட்டபோது, பங்கேற்றவர்கள் தங்கள் கை எவ்வளவு நகர்ந்தது என்பதைப் பெரும்பாலும் விட்டுவிட்டுக் கண் சொன்ன நகர்வையே எடுத்துக்கொண்டார்கள்; இளகியதை விறைப்பானது என்றார்கள்.

இதனால் கண்ணுக்கே என்றும் தலைமை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 2002இல் மார்க் எர்ன்ஸ்ட், மார்ட்டின் பேங்க்ஸ் இருவரும், பார்த்தும் தொட்டும் ஒரு மேட்டின் உயரத்தை மதிப்பிடச் சொல்லி, காட்சியைச் சிறிது சிறிதாகக் கலங்கலாக்கிக்கொண்டே போனார்கள். காட்சி தெளிவாக இருந்தபோது கண்ணின் சொல் எடுபட்டது. கலங்கக் கலங்க, முடிவு தொடுகையின் பக்கம் சாய்ந்தது. எந்தப் புலனின் செய்தியில் தடுமாற்றம் குறைவோ அதற்கு மூளை கூடுதல் எடை கொடுக்கிறது. அந்த எடையும் புள்ளியியல் வல்லுநர் தாளில் கணக்கிடும் எடைக்கு மிக நெருங்கி வந்தது என்பதுதான் வியப்பு.

இதில் பொறியாளருக்கு ஒரு சலுகையும் ஓர் எச்சரிக்கையும் இருக்கின்றன. மலிவான மோட்டாரால் கடினமான எலும்பைக் காட்ட முடியாவிட்டால், திரையில் அதை அமுங்காமல் காட்டிப் பயிற்சிக் கருவியில் ஓரளவு ஈடுசெய்யலாம். அறுவை மருத்துவ ரோபோக்களின் தொடக்கத் தலைமுறைகள் விசையுணர்வைக் கைக்குத் திருப்பித் தராதபோதும், திசு வளைவதையும் நூல் இறுகுவதையும் பார்த்தே மருத்துவர்கள் விசையை மதிப்பிட்டதும் இதே திறத்தால்தான். ஆனால் குருதி மறைத்துக் காட்சி மங்கும் நேரத்தில் அந்த மருத்துவருக்குச் சாய்ந்துகொள்ள இன்னொரு புலன் இல்லை. விசையுணர்வு ஓர் ஆடம்பரம் என்ற வாதத்தை நான் ஏற்காததற்கு அதுவே காரணம்.

புலன்கள் இப்படி இணைவதற்கு அவை ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்துசேர வேண்டும். 2002 அக்டோபரில், மசாசூசெட்ஸில் ஒருவரும் லண்டனில் ஒருவருமாக ஒரே மெய்நிகர்ப் பெட்டியை இரு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். அந்த இரு ஊர்களுக்கும் இடையே 5,000 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. கண்ணாடியிழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் செல்லும் என்பதால், போய்வர மட்டுமே ஏறத்தாழ 50 மில்லி நொடி ஆகிவிடும். கை கேட்பதோ ஒரு மில்லி நொடி. ஒளியை விரைவுபடுத்த வழியில்லாத நிலையில் பொறியாளர்கள் கைக்கொள்ளும் உத்திகளுள் ஒன்று, பெட்டியின் ஒரு நகலை இரு கரையிலும் வைத்து, விசைக்கணக்கை அங்கங்கேயே போட்டுக்கொண்டு, தொலைவிலிருந்து வரும் செய்தியால் அதைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்வது.