பிரமிடுக்கு எத்தனை ஆளு?

வணக்கம் நேயர்களே. 30 வருஷமா சைட்ல எஸ்டிமேட் போட்டு போட்டு, எந்தக் கட்டடத்த பாத்தாலும் இதுக்கு எத்தனை கொத்தனார் எத்தனை சித்தாள்னுதான் மனசு ஓடும், அந்த வியாதில எகிப்து கிசா பெரிய பிரமிடயும் விட்டு வைக்கல.

கல்லு சுமார் 23 லட்சம், ஒண்ணு சராசரி ரெண்டரை டன். கூஃபு மன்னர் காலத்துல 20 வருஷத்துல முடிச்சாங்கன்னு வச்சா நாளைக்கு 315 கல்லு, அதாவது பத்து மணி நேர வேலைல ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு! கிரேக்கர் ஹெரோடோட்டஸ் முறை வச்சு 1 லட்சம் பேர் வேலை பாத்தாங்கன்னு எழுதி வச்சுட்டாரு, ஆனா அவரு போனதே பிரமிட் கட்டி 2000 வருஷம் கழிச்சு, அங்க யாரோ சொன்னதத்தான் எழுதியிருப்பாரு பாவம்.

நாமளே போட்டுப் பாப்போம். மொத்தம் சுமார் 60 லட்சம் டன். எல்லாத்தையும் 146 மீட்டர் உச்சிக்கு ஏத்த வேண்டாம், கீழதான பருமன், அதனால சராசரி உயரம் கால்வாசி, 37 மீட்டர்தான். ஒரு ஆளு நாள் முழுக்க உழைச்சா 24 டன்ன ஒரு மீட்டர் தூக்குற அளவு வேலை வாங்கலாம்னு வைங்க, வகுத்தா 20 வருஷத்துக்கு தினம் 1300 பேர் போதும்! முதல்ல நானே நம்பல, ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன். கல்ல சறுக்குக்கட்டைல வச்சு இழுக்கறப்ப உராய்வு இருக்கே, அதுக்கு மூணு மடங்கு சேத்தாலும் 4000தான். இன்னிக்கு ஆராய்ச்சியாளர்கள் 20,000 பக்கம் சொல்றாங்கன்னா, மிச்சப் பேரு எங்க? கல்லு வெட்ட, செம்பு உளிய தீட்டிக்கிட்டே இருக்க, சாய்தளம் போட, படகு ஓட்ட, ரொட்டி சுட, பீர் காச்ச. பிரமிடுக்குத் தெக்கால தோண்டுனப்ப பேக்கரியே கெடச்சுது.

ஆள் சேக்கறது பெரிசில்ல சார், மஸ்டர் ரோல்தான் பெரிசு, அதாவது யார் வந்தா என்ன வேலை பாத்தாங்கன்னு எழுதற பதிவேடு. 2013ல செங்கடல் கரையோரம் வாடி அல் ஜர்ஃப்ல பிரெஞ்சு தொல்லியல் ஆய்வாளர் பியர் டாலே குழு பாப்பிரஸ், அதாவது நாணல்ல செஞ்ச பழைய தாள், கண்டெடுத்தாங்க, இதே கூஃபு பிரமிட் வேலைல இருந்த மெரெர்னு ஒரு மேஸ்திரியோட டைரி. சுமார் 40 பேர் கேங்க வச்சுக்கிட்டு தூரா குவாரிலேர்ந்து சுண்ணாம்புக்கல்ல படகுல கிசாவுக்கு கொண்டு வந்து எறக்குறாரு, பத்து நாளைக்கு ரெண்டு மூணு ட்ரிப், எங்க ராத்தங்குனாங்கங்கறது வரைக்கும் குறிப்பு. என் கீழ இருந்த சூப்பர்வைசர் ஒருத்தன்கூட இப்படி எழுதுனதில்ல.

கேங்குக்கெல்லாம் பேரு உண்டு, கல்லுலயே எழுதி வச்சிருக்காங்க. பக்கத்துல மென்கௌரேங்கற பின்னால வந்த மன்னரோட பிரமிட் கட்டுன ஒரு கேங்குக்கு என்ன பேருன்னு நெனைக்கறீங்க? மென்கௌரேயோட குடிகாரங்க!